இளைப்பாற்றுதலும் இறைபணியே

எல்லாம் வல்ல சிவபெருமான் உயிர்களின் பொருட்டுச் செய்தருளும் தொழில்கள் ஐந்து என்பது சைவப் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலையிலேயே கற்றுக்கொள்ளும் பாடமாகும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவை. இவற்றுள் அழித்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கு அச்சம் தோன்றும். ஆனால் சைவ சித்தாந்தம் அதற்குத் தரும் விளக்கம் அச்சம் தருவதன்று. பிறந்தும் இறந்தும், உழைத்தும் உலைந்தும் களைத்துப்போன உயிர்களை அக்களைப்பு நீங்கும்வரை ஒடுக்கி வைத்து ஓய்வு கொடுப்பதே சங்காரம். ஓய்வு முடிந்தபின் அவ்வுயிர்கள் மீண்டும் உடம்பு பெற்றுத் தம் வினையைத் தொடர்கின்றன. ஆகவே களைத்தவரை இளைப்பாற்றுதல் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாகவே அமைந்துள்ளது.

இந்த உண்மையை ஆலய வழிபாட்டிலும் காணலாம். அர்த்தசாமப் பூசை முடிந்ததும் பெரிய ஆலயங்களில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளுகிறார். மறுநாள் விடியலில் திருப்பள்ளியெழுச்சி நடைபெறுகிறது. சிறிய கிராமக் கோயிலிலும் பூசை முடிந்தபின் நடை சாத்தப்படுகிறது. களைப்பே இல்லாத இறைவனுக்கு ஓய்வு எதற்கு? உயிர்களுக்கு அது தேவை என்பதை உணர்த்தவே முன்னோர் இந்த முறையை வகுத்தார்கள் என்று கொள்வது பொருந்தும். பூசை செய்யும் குருக்களும் தனியே விடப்படுவதில்லை. அவருக்கு ஆசௌசம் வந்தால் வேறொரு குருக்கள் வந்து பூசையை ஏற்கிறார். மகோற்சவ காலத்தில் பிரதம குருவுக்குத் துணையாகப் பல சிவாச்சாரியார்கள் நிற்கிறார்கள். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயமாக அமைகிறது. பத்து நாளையும் ஒரே வீட்டின் தலையில் ஏற்றிவிட்டு ஊர் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

ஆனால் நம் ஊர்களில் நடை சாத்தப்படாத சில வீடுகள் உண்டு. அங்கே நடக்கும் தொண்டுக்கு உபயகாரர் ஒருவரே. அவருக்கு மாற்று இல்லை.

நடை சாத்தப்படாத வீடுகள்

பாரிசவாதத்தால் படுத்த தந்தை, மறதி நோயால் மகளின் பெயரையே மறந்துவிட்ட தாய், பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளை, போர்க்காலத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு 2009இன் பின்னும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழும் மகன் என, இத்தகையோர் இல்லாத கிராமம் வடக்கிலும் கிழக்கிலும் அரிது. இவர்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். மனைவி, மகள், மருமகள், தாய் என்று உறவு மாறுமேயன்றி வேலை ஒன்றுதான். அதற்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 100 பேருக்கு 12 பேருக்குச் சற்று அதிகமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். அதன்பின் இந்த விகிதம் ஏறியே வந்துள்ளது. மறுபுறம் எமது வீடுகளில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். முன்னர் ஒரு வளவுக்குள் நான்கு குடும்பங்கள் இருந்தன. ஆச்சி படுத்தால் பார்ப்பதற்குப் பத்துக் கைகள் இருந்தன. இன்று ஒரு பிள்ளை கனடாவில், ஒரு பிள்ளை லண்டனில், ஒரு பிள்ளை கொழும்பில். ஊரில் நின்ற பிள்ளையின் கைகள் இரண்டே இரண்டு.

அந்த இரண்டு கைகளும் செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுந்திருக்க முடியாதவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கும்படி வைத்தியசாலையில் சொல்லி விடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 12 தடவை. அவற்றில் மூன்று நான்கு தடவை நடுச்சாமத்தில். இதனிடையே கஞ்சி, மருந்து, குளிப்பாட்டு, துணி தோய்ப்பு, கிளினிக். மறதி நோய் உள்ளவர் என்றால் இரவில் எழுந்து படலையைத் திறந்துகொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் நித்திரையும் இல்லை. கோயில் மணி கேட்கும். கொடியேற்றம் என்று தெரியும். ஆனால் போக முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் தேரைக் காணாத பெண்கள் கோயிலுக்கு நான்கு வீடு தள்ளியே வாழ்கிறார்கள் என்றால் அது ஊருக்கே வெட்கம்.

இன்னொன்றும் நிகழ்கிறது. ஓய்வில்லாத உடம்பில் பொறுமை நிற்பதில்லை. அன்பாகப் பார்த்தவரின் வாயிலிருந்தே ஒரு நாள் கடுஞ்சொல் வரும். சோறு ஊட்டும் கை விசுக்கென்று அசையும். பிறகு அவரே சுவாமி அறையில் இருந்து அழுவார். இதைக் குணக்கேடு என்று எவரும் கொள்ளலாகாது. அது களைப்பின் வேலை. தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை எடுக்க நேரமின்றி, தம்முடைய கிளினிக்கைத் தவறவிட்டு, கடைசியில் பார்ப்பவரே விழுந்துவிடுவதும் உண்டு. அப்போது அந்த வீட்டில் படுக்கை இரண்டாகிறது.

வந்தியின் ஆளாக வந்தவன்

இத்தகைய வீட்டுக்கு இறைவன் என்ன செய்வான் என்று அறிய விரும்புவோர் மதுரைக்குச் செல்ல வேண்டும். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் 64 திருவிளையாடல்களுள் 61ஆவது மண் சுமந்தது. நம் ஆலயங்களில் திருவெம்பாவைக் காலத்தில் படித்துப் பயன் சொல்லப்படும் திருவாதவூரடிகள் புராணத்திலும் இந்த வரலாறு வருகிறது. மதுரையில் ஆவணி மூலத்தில் இது திருவிழாவாகவே நடைபெறுகிறது.

வையை பெருக்கெடுத்துக் கரையை உடைத்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அவளுக்குக் கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. முதுமையில் மண்வெட்டி பிடிக்க அவளால் முடியாது. அவள் சொக்கநாதரிடம் முறையிட்டாள். உடனே பெருமான் கூடையும் மண்வெட்டியும் கொண்டு, கந்தைத் துணி உடுத்த கூலியாளாய்த் தெருவில் வந்து, கூலி கொடுத்து வேலை கொள்வார் உண்டோ என்று கேட்டான். உதிர்ந்த பிட்டே கூலி என்று வந்தி சொன்னாள். அவனும் இசைந்தான்.

பிட்டு ஒருபுறம் இருக்க, இந்த வரலாற்றில் பராமரிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று உள்ளன.

முதலாவது, வந்தி கேட்டாள். என்னால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். அதில் அவளுக்கு வெட்கம் இருக்கவில்லை. கேட்டதற்காக இறைவன் அவளைக் குறைவாக எண்ணவும் இல்லை. இயலாமையை ஒப்புக்கொள்வது பக்திக் குறைவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, மாற்று ஆள் வந்தபின் வந்தி கரையில் போய் நிற்கவில்லை. அவள் தன் அடுப்படிக்குத் திரும்பினாள். தன்னால் இயன்ற பிட்டை அவித்தாள். இயலாத வேலையை ஒருவர் ஏற்றபோது இயன்ற வேலையை அவளால் நன்றாகச் செய்ய முடிந்தது.

மூன்றாவது மிக முக்கியமானது. வந்த ஆள் மற்றவர்களைப்போல வேலை செய்யவில்லை. பாடினான், ஆடினான், பிட்டைத் தின்று மரநிழலில் நித்திரையும் கொண்டான். பாண்டியனின் பிரம்படியையும் வாங்கினான். அந்த அடி எல்லா உயிர்களின் மேலும் பட்டது என்பது புராணம். ஆனால் வந்தி அவனிடம் குறை காணவில்லை. ஒரு கூடை மண்ணை அவன் கொட்டியதும் கரை அடைபட்டது. வந்தி சிவலோகம் சேர்ந்தாள். நம் வீடுகளில் மாற்று ஆள் வந்தாலும், அவள் கஞ்சியை இப்படி ஆற்றவில்லை, தலையணையை அப்படி வைக்கவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடுபவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தானவற்றில் மட்டுமே கண்டிப்பு வேண்டும். மற்றவற்றில் வந்தியின் மனம் வேண்டும்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மகப்பேற்றுக்கு நாள் நெருங்கிய மகளிடம் செல்லப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டாள். இங்கே மகள் வேதனையில் தவித்தாள். பெருமான் தாயின் உருவத்திலேயே வந்து அருகிருந்து பிரசவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்த பின்பே மறைந்தான். அவன் வேறு எந்த உருவிலும் வந்திருக்கலாம். தேவமாதர்களை அனுப்பியிருக்கலாம். ஆயினும் நோயாளிக்குப் பழக்கமான முகத்தோடு வந்தான். படுத்திருப்பவரிடம் மாற்று ஆளாகச் செல்பவர் முன்பே பழகிய முகமாக இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம். மறதி நோய் உள்ளவர்க்கு இது இரட்டிப்பு உண்மையாகும்.

திலகவதியார் காட்டும் வழி இன்னொன்று. சூலை நோயால் துடித்த தம்பியார் தேடி வந்தபோது அம்மையார் அவரை ஏற்றுத் திருநீறு கொடுத்தார். ஆனால் தாம் நாள்தோறும் செய்துவந்த திருவலகுப் பணியை நிறுத்தவில்லை. புலராத பொழுதில் திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தொண்டு செய்யச் சென்றபோது தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். தம்பியைப் பார்த்தலும் தம் வழிபாடும் ஒன்றையொன்று விழுங்கிவிட அவர் விடவில்லை. பராமரிப்பவருக்கும் தமக்கென ஒரு வழிபாடும் ஒரு பொழுதும் வேண்டும்.

வாய் திறவாமைக்குக் காரணம்

இவ்வளவு இருந்தும் ஓய்வு வேண்டும் என்று எமது பெண்கள் கேட்பதில்லை. காரணங்கள் சிலவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பாவம் வந்துவிடும் என்ற அச்சம் ஒன்று. பெற்றவளை இன்னொருவரிடம் விட்டுச் செல்வது கைவிடுவது போலத் தோன்றுகிறது. ஆனால் கைவிடுதல் வேறு, கைமாற்றுதல் வேறு. கைவிட்டவர் திரும்பி வருவதில்லை. கைமாற்றியவர் குறித்த நேரத்தில் திரும்பி வருவார், தெளிந்த முகத்தோடு வருவார்.

என்னைத் தவிர ஒருவராலும் முடியாது என்ற எண்ணம் இன்னொன்று. அதில் உண்மையும் உண்டு, சற்று ஆணவமும் உண்டு. நான் செய்கிறேன் என்ற முனைப்பைச் சைவம் எங்கும் களையவே சொல்கிறது. அதற்குத் தொண்டிலும் விலக்கில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தடை ஊர் வாய். ‘மாமியைப் படுக்கையில விட்டிட்டுத் திருவிழாப் பார்க்க வெளிக்கிட்டிட்டா’ என்று வீதியில் ஒருவர் சொல்லும் ஒரு சொல், ஒரு பெண்ணை இன்னும் ஐந்து வருடம் வீட்டுக்குள் அடைத்துவிடும். இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அயலவர் சோறு கறி சமைத்துக் கொண்டுபோகும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் அந்த உயிர் இருந்து அல்லற்பட்ட ஏழு வருடத்தில் ஒரு நேரச் சாப்பாட்டோடு அந்தப் படலையைத் திறந்தவர் எத்தனை பேர்? ஊர் வாய் அடங்கினால் பாதி ஓய்வு தானாகவே கிடைத்துவிடும்.

பேசுவது எப்படி

முதலில் நோயாளியோடு பேச வேண்டும். அவருக்குத் தெரியாமல் நழுவிச் செல்வது கூடாது. எழுந்து பார்க்கும்போது வேறு முகம் நின்றால் பயந்துவிடுவார். முதல் நாளே, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘மாமி, வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கோயிலுக்குப் போட்டு பூசை முடிய வந்திடுவன். பக்கத்து வீட்டு அக்கா வந்து உங்களோட இருப்பா. உங்களுக்கும் திருநீறு கொண்டு வாறன்’ என்று சொன்னால் போதும். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தால் அடுத்த முறை அவரே போய்வரச் சொல்லுவார். கோபித்தால் வாதாடத் தேவையில்லை. சிறிது நேரமாகக் குறைத்து மீண்டும் தொடங்கலாம்.

அடுத்து, கூடப் பிறந்தவர்களோடு பேச வேண்டும். இங்கேதான் பலருக்கு நாக்கு எழுவதில்லை. வெளிநாட்டில் உள்ளவர் காசு அனுப்புகிறார். அதனால் கேட்க உரிமை இல்லை என்று ஊரில் இருப்பவர் எண்ணிக்கொள்கிறார். காசு மருந்தை வாங்கும், நித்திரையை வாங்காது. குற்றம் சாட்டாமல், தேவையை அளந்து கேட்க வேண்டும். ‘அண்ணை, நீங்கள் அனுப்புற காசு அம்மாவின்ர மருந்துக்கும் பம்பர்சுக்கும் காணும். எனக்கு இப்ப வேண்டியது காசில்லை, ஆள். வாற ஆடியில நீங்கள் வரேக்க ரண்டு கிழமை அம்மாவை நீங்கள் பாருங்கோ. அதுவரைக்கும் மாசத்தில ரண்டு நாள் ஒரு ஆளை விட ஒழுங்கு செய்து தாங்கோ’ என்று சொன்னால் அதில் சண்டையும் இல்லை, பிச்சையும் இல்லை. விடுமுறைக்கு வருபவர் நல்லூருக்கும் கதிர்காமத்துக்கும் யாத்திரை போவது நல்லதே. அதற்கு முன் தாயின் கட்டிலருகே பத்து இரவு விழித்திருப்பது அதனினும் பெரிய யாத்திரை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று கூறுகிறது. ஊரில் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் என்று அது கூறவில்லை.

அயலவரோடு பேசுவதும் ஒரு கலைதான். ‘தங்கச்சி, ஏதும் தேவையெண்டால் சொல்லு’ என்று படலையில் நின்று சொல்பவர் பலர். ‘இல்லையக்கா, சமாளிக்கிறன்’ என்பதே வழக்கமான பதில். அங்கே கதவு மூடிவிடுகிறது. அதற்குப் பதிலாக, ‘ஓமக்கா, செவ்வாய்க்கிழமை காலமை ரண்டு மணித்தியாலம் வந்து ஐயாவோட இருப்பியளே? நான் கிளினிக்குக்குப் போகவேணும்’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால், கேட்கப்பட்டவர் மகிழ்ச்சியோடு வருவார். உதவ விரும்புபவருக்கும் எதைச் செய்வது என்று தெரியாத குறை உண்டு. உதவ விரும்புபவரும் பொதுவாகக் கேட்காமல், ‘சனிக்கிழமை பின்னேரம் நான் வாறன், நீ போய்ப் படு’ என்று சொல்வது நல்லது.

ஒழுங்கு செய்வது எப்படி

பூசைக்குப் பத்ததி இருப்பதுபோல இதற்கும் ஒரு முறை வேண்டும். 40 பக்கக் கொப்பி ஒன்று போதும். அதில் முதலாவதாக மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும். இரண்டாவதாக உணவு: எதை, எவ்வளவு, எந்தப் பதத்தில். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்த நிலையில் எதையும் பருக்கக் கூடாது, நிமிர்த்தி இருத்திச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவதாகப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரமும் சலக்குழாய் இருந்தால் அதைப் பற்றிய குறிப்பும். நான்காவதாக அவருக்கு எது பிடிக்கும், எது பயம் தரும் என்பது. ஒருவருக்குத் தேவாரம் கேட்டால் மனம் அமைதியாகும், இன்னொருவருக்கு விளக்கை அணைத்தால் பயம் வரும். கடைசிப் பக்கத்தில் போய்வருபவரின் தொலைபேசி இலக்கமும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வாகனக்காரரின் இலக்கமும். கிளினிக் கொப்பியும் அதனோடு ஒரே பையில் இருக்கட்டும்.

தொடக்கத்தில் மாற்று ஆள் தனியே விடப்படக் கூடாது. முதல் இரண்டு தடவை பராமரிப்பவர் வீட்டிலேயே இருக்க, அவர் அருகிருந்து பார்க்கட்டும். மூன்றாவது தடவை ஒரு மணித்தியாலம். பின்னர் அரைநாள். அதன்பின் தேவையானால் ஒரு இரவு. பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் துணையாக இருப்பது நோயாளியின் மானத்தைக் காக்கும். இயன்றவரை அதே ஆள், அதே நாள். நாள் குறிக்கப்படாத ஓய்வு நடப்பதில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தைப் போல அது கிழமையோடு கட்டப்பட வேண்டும்.

கிடைத்த நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். பலர் அந்த நேரத்தில் துணி தோய்க்கிறார்கள், முற்றம் கூட்டுகிறார்கள். அது ஓய்வாகாது. நித்திரை, கோயில், தமது மருந்து எடுக்கப் போதல், தங்கையைப் பார்த்து வருதல் என மனமும் உடம்பும் ஆறும் ஒன்றைச் செய்ய வேண்டும். எதுவும் செய்யாமல் கேணியடியில் சும்மா இருந்தாலும் குற்றமில்லை. சும்மா இருத்தலின் பெருமை சைவ உலகம் அறியாததன்று.

ஆலயம் செய்யக்கூடியது

ஒரு வீட்டின் ஒழுங்கு மட்டும் போதாது. ஊருக்கு நடுவே ஆலயம் இருப்பது எதற்காக? அடியவருக்குச் செய்வது இறைவனைச் சேரும் என்பது திருமூல நாயனார் நமக்கு உணர்த்தியது. பரிபாலன சபையும் தொண்டர் சபையும் மாதர் சங்கமும் கூடி இருந்தால் ஒரே மாலையில் இதற்கு வழி வகுத்துவிடலாம்.

ஊரில் இத்தகைய வீடுகள் எத்தனை என்று ஒரு பட்டியல் எழுதலாம். பெரும்பாலான கிராமங்களில் அது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். திருவிழாவுக்கு உபயகாரர் அட்டவணை தயாரிப்பது போல, இந்த வீடுகளுக்கும் இளைப்பாற்று உபயம் என்று ஓர் அட்டவணை தயாரிக்கலாம். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு அரைநாள் என்றாலும் அந்த வீட்டின் விளக்கு பிரகாசமாகும். கொடியேற்றம், தேர், தீர்த்தம் ஆகிய மூன்று நாட்களிலும் பராமரிப்பவர் ஒருவராவது கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று சபை தீர்மானித்துக்கொள்ளலாம். அதற்காகத் தேர்வடத்தை விட்டு ஒருவர் அந்த வீட்டில் போயிருந்தால் அவருக்குத் தேர்ப் புண்ணியம் குறையாது. வடம் பிடிப்பதன் பொருளே, ஒருவரால் இழுக்க முடியாததைப் பலர் சேர்ந்து இழுப்பதல்லவா? பூசை முடிந்ததும் விபூதியும் பிரசாதமும் வீட்டுக்கு எடுத்துச் சென்று படுத்திருப்பவரோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வரும் பணியை அறநெறிப் பாடசாலையின் மூத்த பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். முதியோருக்கும் மகிழ்ச்சி, பிள்ளைகளுக்கும் படிப்பு.

அரச வழியிலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரையும் நாடினால் கொடுப்பனவுகள், சக்கர நாற்காலி போன்ற உபகரணங்கள் ஆகியவை பற்றி அறிந்துகொள்ளலாம். நோயாளியைத் தூக்கும் முறையையும் புண்ணுக்கு மருந்து கட்டும் முறையையும் வைத்தியசாலைத் தாதியரிடம் மாற்று ஆட்களும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். முதியோர் சங்கம் உள்ள ஊர்களில் அதையும் இணைத்துக்கொள்வது நன்று.

அடியார்களே, மதுரையில் கூலியாளாய்க் கூடை சுமந்தவனும் சிராமலையில் தாயாய் வந்து நின்றவனும் இன்று நேரில் தோன்றி எமது ஊரின் படலைகளைத் தட்டுவான் என்று காத்திருக்கத் தேவையில்லை. அவன் அனுப்புவது அயலவரை. வந்தி கேட்டதுபோலக் கேட்பதற்குப் பராமரிப்பவருக்குத் துணிவும், கேளாமலே சென்று நிற்பதற்கு ஊராருக்கு மனமும் வேண்டும். வருகின்ற கொடியேற்றத்துக்கு முன் ஒவ்வொரு வீதியிலும் ஒரு வீட்டுக்காவது ஒரு அரைநாள் ஓய்வு கிடைக்குமானால், அதுவே இவ்வாண்டுத் திருவிழாவின் முதல் உபயமாகும். படுத்திருப்போர் வேதனை தணியவும், அவர்களைப் பார்ப்போர் களைப்பு நீங்கவும், ஊர் ஒரு குடும்பமாய் நின்று இருவரையும் தாங்கவும், எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.